ரெஃப்ரியின் விசில்

உங்கள் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் மேடம். நீங்கள் எழுதக் குனியும்போதெல்லாம் இடப்பக்கம் டக்கென்று சாய்கிறது. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். பதினோரு வருடமாக மரவேலைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான். ஆணி அடிக்கத் தெரியாவிட்டாலும் ஆட்டம் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியும்.

பெயர் லார்யே போர்ட்டே. வயது ஐம்பத்திரண்டு. ஊர் இதே டெஷிதான். தொழில் என்ற இடத்தில் ‘தரகர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு ‘எழுதுபவர்’ என்று போட்டால் சந்தோஷப்படுவேன். ஒரு ஆப்பிரிக்க முகமூடியோ சிலையோ இங்கிருந்து கப்பலேறும்போது அதோடு ஒரு காகிதமும் போகும். யார் செய்தது, யாருக்காகச் செய்தது, எந்தச் சடங்கில் ஆடியது என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தக் காகிதத்தை எழுதுவது நான். வெள்ளைக்காரர்கள் மரத்தை வாங்குவதாக ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாங்குவது காகிதத்தை. மரம் அதோடு சும்மா போகிறது.

ஆரம்பத்தில் நானும் பொய்தான் எழுதினேன். புது முகமூடியைக் கரையான் மண்ணில் புதைத்து, எடுத்துப் புகை போட்டு, கோலாக் கொட்டைச் சாற்றைத் தேய்த்தால் ஆறே வாரத்தில் அதற்கு நூறு வயதாகிவிடும். ஒருநாள் ஒரு பெல்ஜியக்காரர் வந்தார். பெரிய நிபுணர். முகமூடியைத் திருப்பி, உட்பக்கம் மூக்கை வைத்து, கண்ணை மூடி ஆழமாக மோந்து பார்த்தார். “இதற்குள் யாரும் வியர்க்கவில்லை” என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவமானமாகிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு முகமூடியையும் என் மச்சான் மூன்று வாரம் முகத்தில் கட்டிக்கொண்டு ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடித்தான். அடுத்த முறை வந்த பெல்ஜியக்காரர் மோந்து பார்த்தார், கண்கலங்கினார். “முன்னோர்கள்” என்றார். முன்னோர்கள் அவருக்குப் பின்னால் நின்று அக்குளைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை மேடம், பாடம் படித்தேன். அன்றிலிருந்து நடக்காத எதையும் நான் காகிதத்தில் எழுதியதில்லை. முதலில் நடக்க வைப்பேன், பிறகுதான் எழுதுவேன். என் வாழ்க்கையில் கொள்கை என்று இருப்பது இது ஒன்றுதான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அனாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். புகார் கொடுத்ததும் அவன்தான் என்பது எனக்குத் தெரியும். கோபம் இல்லை. டெஷியில் சவப்பெட்டி செய்பவர்கள் நிறையப் பேர் உண்டு. மீன்காரர் இறந்தால் மீன் வடிவம், வெங்காய வியாபாரி இறந்தால் வெங்காய வடிவம் என்று அச்சு அசலாகச் செய்வார்கள். அனாங் அப்படி இல்லை. குமாசியில் சிற்பம் படித்துவிட்டு வந்தவன். விசா மறுத்து முத்திரை குத்திய பாஸ்போர்ட் ஒன்றைச் சவப்பெட்டியாகச் செய்தான், எட்டடி நீளம். ஐரோப்பாவில் ஒரு கண்காட்சிக்குப் போனது. பெட்டிக்கு விசா கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. சொந்த மரபைத் தொலைத்துவிட்டார் என்று அங்கே எழுதினார்கள். சரி என்று அடுத்த வருடம் அழகாக ஒரு மீன் செய்து அனுப்பினான். சுற்றுலாப் பயணிகளுக்கான சரக்கு என்று எழுதினார்கள்.

“மீன் செஞ்சா கடைச் சரக்குங்கறான், பாஸ்போர்ட் செஞ்சா பாரம்பரியம் போச்சுங்கறான். நான் என்னதாண்ணே செய்யணும்?” என்று கேட்டான்.

“செத்துப்போகணும்டா. பேரு ஊரு தெரியாம செத்து நூறு வருஷம் ஆகணும். அப்பறம் பாரு, உன்னைக் கண்ணாடிக்குள்ள வெச்சுக் கும்புடுவான்.”

“அதுக்கு வேற ஆளைப் பாருண்ணே. நான் சோறு திங்கணும்.”

மூன்றாவது முறை விசா கிடைத்து, அந்தக் கண்காட்சி நடந்த மியூசியத்துக்கே அவன் போய்வந்தான். திரும்பியபோது முகமே சரியில்லை. அங்கே மேல்தளத்தில் வெள்ளைச் சுவர், ஒவ்வொரு கலைஞனுக்கும் பெயர்ப் பலகை. அடித்தளத்தில் ஆப்பிரிக்கா. அதில் கழுகு வடிவப் பல்லக்கு ஒன்று இருந்ததாம். கீழே ‘செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதியிருந்ததாம். அது அனாங்கின் பெரியப்பா செய்தது. டெஷியில் தேநீர்க் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அனாங் காவலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அந்த ஆள் மரியாதையாகச் சிரித்து, கண்ணாடியைத் தொடாதீர்கள் என்றானாம். அன்றிலிருந்து அனாங்குக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. அந்த மேல்தளத்துச் சுவரில் அவன் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல்.

நான் செய்தது எல்லாமே அந்தப் பெயருக்காகத்தான், மேடம்.

ரெஃப்ரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒகாந்தே ஐயா. எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் கால்பந்து நடுவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வைத்திருந்தார். தெருவில் ஹாரன் அடிக்கும் ட்ரோட்ரோ வேன்காரனுக்கு மஞ்சள் காட்டுவார். அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு கல்யாணத்தில் சிவப்பே காட்டியிருக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போதே தனக்கென்று அனாங்கிடம் ஒரு சவப்பெட்டி சொல்லியிருந்தார். விசில். ஏழரை அடி, வெள்ளிப் பூச்சு, கழுத்தில் மாட்டும் கயிறு உட்பட.

“நாப்பது வருஷம் இந்த ஊர்க்காரனுங்க எங்கம்மாவைத் திட்டினானுங்க தம்பி. ஒரே ஒரு நாள் என் விசிலைத் தோள்ல தூக்கிட்டு அந்த மைதானத்தைச் சுத்தி வரட்டும். அன்னிக்கு எவனும் வாயத் தொறக்க முடியாதுல்ல?”

தினமும் காலையில் பட்டறைக்கு வந்துவிடுவார். விசிலுக்குள் ஏறிப் படுப்பார். “அனாங், முழங்கால் இடிக்குதுடா. ஃபவுல்” என்று உள்ளிருந்து குரல் வரும். அனாங் இழைப்புளியோடு ஓடுவான். இரண்டு பேரும் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி வளர்த்தார்கள்.

ஜனவரியில் அந்த மியூசியத்திலிருந்து டாக்டர் அன்னெலீஸ் வந்தார். நல்ல பெண்மணி. கென்கே சோள உருண்டையைக் கையால் பிசைந்து சாப்பிடுவார், எங்கள் வரலாற்றுக்காக எங்களைவிட அதிகமாக வருத்தப்படுவார். அவர் பட்டறைக்குள் நுழைந்த நேரம், ரெஃப்ரி விசிலுக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அன்னெலீஸ் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு கேட்டார்: “இது உபயோகிக்கப்பட்டதா?”

“உபயோகிக்கறவன் இங்கதாம்மா உக்காந்திருக்கேன். கொஞ்சம் பொறு” என்றார் ரெஃப்ரி.

அவர்களுடைய புதிய விதியை அன்னெலீஸ் விளக்கினார். கண்காட்சிக்கென்றே செய்த ஆப்பிரிக்கப் பொருள்களை இனி வாங்கமாட்டார்களாம். சமூகத்துக்காகச் செய்திருக்க வேண்டும், சமூகத்தில் பயன்பட்டிருக்க வேண்டும். இரட்டையாக இரண்டு விசில் செய்யச் சொன்னார். ஒன்று அதன் உரிமையாளரோடு மண்ணுக்குள் போகும். மற்றது, அந்த அடக்கத்தின் வீடியோவோடு மியூசியத்துக்குப் போகும். மேல்தளம். வெள்ளைச் சுவர். பெயர்ப் பலகை.

“அக்டோபரில் திறப்பு விழா. ஜூலைக்குள் வீடியோ என் கைக்கு வர வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு ஐந்து வருடம் கழித்துத்தான்” என்றார். காரில் ஏறும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், “பெரியவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். மிகுந்த அக்கறையோடு கேட்டார். நான் அந்த அக்கறையைப் பலநாள் யோசித்துப் பார்த்தேன்.

அனாங் ஒரே மாதத்தில் இரண்டாவது விசிலையும் முடித்துவிட்டான். மீதி வேலை ரெஃப்ரியுடையது. அவரோ உலகக் கோப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். “இன்னும் மூணு கோப்பை பாக்காம நான் போறதா இல்ல” என்றார். மூன்று கோப்பை என்றால் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம். அனாங்கிடம் இதைச் சொன்னேன்.

“நல்லாயிருக்கட்டும்ணே. மியூசியம் எங்க ஓடிடப்போவுது” என்று சொல்லிவிட்டு மெருகுத்தாளை எடுத்துக்கொண்டான். அனாங்கின் குறை அதுதான். திறமை உண்டு, அவசரம் கிடையாது. அவனுக்காக யாராவது அவசரப்பட வேண்டியிருந்தது. அதிலும் ஜூலைக் கடைசியில் ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னால் ஊரில் மேளத்துக்குத் தடை வந்துவிடும். மேளம் இல்லாத அடக்கத்தை வீடியோ எடுத்து யாருக்கு என்ன பயன்?

நான் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதுங்கள். காலையில் கம்பங்கஞ்சி வாங்கி வந்து கொடுத்தேன், உண்மை. இஞ்சி, மிளகாய், கொஞ்சம் தாராளமாக உப்பு. கஞ்சி குடித்த கையோடு அவர் பிரஷர் மாத்திரை போடுவார். அந்த டப்பா பட்டறை அலமாரியிலேயே இருக்கும். மாதத்துக்கு முப்பது. பிப்ரவரியிலிருந்து அந்த டப்பாவில் வைட்டமின் மாத்திரை இருந்தது. அதே வெள்ளை, அதே வட்டம். வைட்டமின் உடம்புக்கு நல்லது. நான் செய்ததெல்லாம் ஒரு தடையை எடுத்ததுதான். போக வேண்டிய மனிதரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது அந்த மாத்திரைதானே தவிர, அனுப்பியது நான் இல்லை.

எடுத்த மாத்திரைகளைக் கடலில் எறிந்திருக்கலாமே என்று சற்றுமுன் கேட்டீர்கள். நீங்களும் எங்கள் ஆள்தான், அக்வேலே என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா? அவை அவருடைய பொருள். இறந்தவர் பொருள் இறந்தவரோடு போக வேண்டும். விசிலின் வயிற்றுக்குள் பட்டாணி மாதிரி ஒரு உருண்டை இருக்குமே, அதற்குப் பதிலாக முதல் விசிலில் அனாங் ஒரு மரப்பந்தைச் செய்து உள்ளே ஒட்டியிருந்தான். உள்கூடு வெற்றிடம், அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை. மாதம் முப்பது முப்பதாக அதற்குள் போட்டு, ஓட்டையை மெழுகால் அடைத்தேன். மூன்று மாதத்தில் தொண்ணூறு. ஒன்றைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச்சில் அவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. “காதுக்குள்ள யாரோ விசில் ஊதிட்டே இருக்கான் தம்பி. ஆஃப்சைடு எங்கன்னுதான் தெரியல” என்றார். நர்ஸ் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டாளாம். ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்று அம்மாமீது சத்தியம் செய்தாராம். நாற்பது வருடம் ஊரே திட்டிய அம்மா. பொய் சொல்லாத மனிதர். எனக்கு அன்று கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. மறுநாள் கஞ்சியோடு அவித்த முட்டையும் வாங்கிப் போனேன்.

ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை. கடற்கரையில் இரண்டு தெருக்காரர்களுக்கிடையே பந்தயம். பெனால்டி கொடுக்க விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்தார். பெனால்டி உண்டா இல்லையா என்று அவரைச் சுற்றி நின்று இரண்டு நிமிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் ஒருவன் குனிந்து பார்த்திருக்கிறான்.

நான் அழுதேன். நம்புங்கள், நிஜமாகவே அழுதேன். நம் ஊரில் பிணவறையிலிருந்து உடல் அடக்கத்துக்கு வர எப்படியும் ஒன்றரை மாதம் ஆகுமே, அழுதுகொண்டே கேமராக்காரனுக்கு ஃபோன் செய்து ஜூன் மாதத்தில் தேதி காலியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் குடும்பம் கூடியது. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பும் கறுப்புமாகத் துணி. நான் எழுதி வைத்திருந்த நிகழ்ச்சி நிரலைக் கொண்டு போயிருந்தேன். விசில் எந்தத் தெருவழியாகப் போக வேண்டும், மைதானத்தில் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ரெஃப்ரியின் அக்கா கொர்க்கோய் அதைக் கையிலேயே வாங்கவில்லை.

“என் தம்பி விசில்ல போகமாட்டான்” என்றார். “பைபிள்ல போவான்.”

எனக்குப் புரியவில்லை.

“மார்ச் மாசமே ஞானஸ்நானம் வாங்கிட்டான் லார்யே. உனக்குச் சொல்ல வெக்கப்பட்டான், நீ சிரிப்பேன்னு. மாத்திரை கேக்கலயே, என்ன பண்ணுவான்? ஒரு நாள் விடாமப் போட்டும் தலை சுத்தல் நிக்கல. ஆஸ்பத்திரிய நம்பி என்னத்தக் கண்டோம்னு சாயங்காலமா ஜெபத்துக்கு வர ஆரம்பிச்சான். அங்கதான் கொஞ்சம் தூங்கினான் பாவம். இப்ப பாஸ்டர் சொல்லிட்டார், மீன், கோழி, விசில் ஒண்ணும் ஆகாது. பைபிள் மட்டுந்தான்.”

அந்தச் சபையின் பெயர் ‘மீட்பின் எக்காளம்’. எக்காளம் ஆகுமாம், விசில் ஆகாதாம்.

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. மூன்று மாதம் தினமும் காலையில் என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்த மனிதர், சாயங்காலம் எனக்குத் தெரியாமல் வேறெங்கோ போய் முழங்காலிட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பிக்கைத் துரோகம் என்பது இதுதானே, மேடம்? வயதானவர், செத்துப்போனவர் என்பதால் யாரும் இதைப் பேசமாட்டேன் என்கிறார்கள்.

பைபிள் பெட்டி எதிர்த்தெருப் பட்டறையில் செய்தது. ஓரத்தில் தங்கப் பெயின்ட், மூடி பொருந்தாமல் ஒரு விரல் இடைவெளி. மைதானப் பக்கமே போகவில்லை. பழைய ரசிகர்கள் இருநூறு பேர் தோள் கொடுக்கக் காத்திருந்தவர்கள், பாஸ்டரின் ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஆட்டு மந்தையாக நடந்தார்கள். அனாங் ரோட்டோரத்தில் நின்று அழுதான். வீடியோ போயிற்றே என்று அழவில்லை. “அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுண்ணே, அதுகூட நடக்கலயே” என்று அழுதான்.

அதோடு விட்டிருந்தால் நானும் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். அடக்கம் முடிந்த எட்டாம் நாள், காலி விசிலையாவது மைதானத்தைச் சுற்றித் தூக்கி வரலாம் என்று அனாங் ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டான். ஆறு பேர் தோளில் தூக்கினார்கள். உள்ளே கலகலவென்று குலுங்கியது. விசில் என்றால் குலுங்கும்தானே என்று எல்லோரும் சிரித்தார்கள். அனாங் சிரிக்கவில்லை. பந்தை ஒட்டியது அவன். தன் வேலை குலுங்காது என்று அவனுக்குத் தெரியும். இறக்கச் சொன்னான். பந்தைப் பெயர்த்தான், மெழுகைச் சுரண்டினான், கவிழ்த்தான். தொண்ணூறு மாத்திரையும் ரசிகர்கள் முன்னால் சிமெண்ட் தரையில் உருண்டன. மண்ணுக்கு ஆறடி கீழே இருக்க வேண்டியவை. என் கணக்கில் ஒரு பிசகும் இல்லை, மேடம். பெட்டி மட்டும் மேலேயே தங்கிவிட்டது.

அனாங் ஒரு மாத்திரையை எடுத்து அலமாரி டப்பாவில் மிச்சமிருந்ததோடு வைத்துப் பார்த்தான்; இதில் பொடியாக ஒரு எழுத்து பொறித்திருந்தது, அதில் இல்லை. பிறகு என்னைப் பார்த்தான்.

“இது நான் செஞ்ச பெட்டி இல்லண்ணே. இதுல என் பேரைப் போடாதீங்க. எங்கயும் போடாதீங்க.”

அவ்வளவுதான். நேராக உங்களிடம் வந்துவிட்டான்.

ஆகவே, ஆம். நான்தான். மாத்திரையை மாற்றியது நான், உப்பை அள்ளிப் போட்டது நான், அவர் போய்விடுவார் என்று தெரிந்தே செய்தது நான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீ கூடக் கொடுத்தீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்புவதற்குள் நடந்ததையெல்லாம் டாக்டர் அன்னெலீஸுக்கு எழுதியிருந்தேன்; நேற்று பதில் வந்தது. செய்தி கேட்டு மிகவும் அதிர்ந்துபோயிருக்கிறார். இரண்டு பத்தி முழுக்க இரங்கல். மூன்றாவது பத்தியில், வழக்கு முடிந்ததும் அந்த முதல் விசிலை, மாத்திரைகளோடு சேர்த்து, காவல்துறை விடுவிக்குமா என்று கேட்டிருக்கிறார். இரண்டாவது விசில் வேண்டாமாம். அது சும்மா மரம்தானே. முதல் விசில் இப்போது பயன்பட்ட பொருள். ஒரு மனிதரின் மரணத்தைத் தன் வயிற்றில் மூன்று மாதம் சுமந்திருக்கிறது. இந்த ஊரில் இவ்வளவு முழுமையாகப் பயன்பட்ட பெட்டி வேறு உண்டா? அதற்கு ஒரு காகிதம் மட்டும்தான் வேண்டும். நீங்கள் இப்போது எழுதிக்கொண்டிருப்பதைவிட நல்ல காகிதம் எனக்கு இனிக் கிடைக்காது. இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்டேஷன் முத்திரை குத்தி ஒரு நகல் கொடுத்தால் போதும்.

பெயர்ப் பலகைக்கு என்ன எழுதுவது என்றும் கேட்டிருக்கிறார். அனாங் தன் பெயர் வேண்டாம் என்று சொன்னதைச் சற்றுமுன் நீங்களே எழுதிக்கொண்டீர்கள். அதனால் ‘கலைஞர்: லார்யே போர்ட்டே’ என்று தெளிவாக எழுதி அனுப்பிவிட்டேன். மரவேலை யாருடையது என்று போடும் சின்ன எழுத்து வரியில், செய்தவர் பெயர் தெரியவில்லை என்று இருந்தால் போதும்.